மெஷின் வேலைக்கு வந்த அக்கா

ரேடியோ என்று கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். பிறந்தபோது வைத்த பெயர் பள்ளிச் சான்றிதழில் பத்திரமாக இருக்கிறது. பேச ஆரம்பித்தவள் பிறகு நிறுத்தவே இல்லை என்று சித்தப்பா ஒருவர் வைத்த பெயர் இது. சொந்தபந்தம் மொத்தமும் அதையே பிடித்துக்கொண்டது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. அந்த வாய்தானே அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது.

வேலை தம்பியின் கம்பெனியில். வீடு கழுவுகிற திரவங்கள் தயாரித்து விற்கிறான் தம்பி. வெள்ளை பாட்டில் கறைக்கு, நீல பாட்டில் கழிப்பறைக்கு, பச்சை பாட்டில் தரைக்கு. கீழே பீப்பாய்கள் அடுக்கிய கிடங்கு, மேலே ஆபீஸ். புதிதாக வருகிறவர்கள் படியேறி முடிப்பதற்குள் இரண்டு தும்மலாவது போட்டுவிடுவார்கள். மேலே ஜன்னலோரம் ஒரு மேஜை, ஒரு போன், ஒரு சுழல்நாற்காலி. அங்கே உட்கார்ந்து பல வருஷம் வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்டாள் ரேடியோ. மூடி திறக்கவில்லை என்று போன் செய்தவர்கள் மாமியார் சண்டை வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் வைப்பார்கள்.

அப்புறம் தம்பி ஒரு சாட்பாட் வாங்கினான். கம்பெனியின் இணையப் பக்கத்தில் வாடிக்கையாளர் எதை எழுதிக் கேட்டாலும் கண்சிமிட்டும் நேரத்தில் பதில் எழுதிவிடும் மெஷின். அதற்குத் 'தோழி' என்று பெயர் வைத்தான். தோழி வந்த அடுத்த மாதமே அக்காவுக்குப் பிரிவுபசாரம் நடந்தது. அக்கா வீட்டு மனுஷிதானே, தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். பரிசாக ஒரு பெட்டி கொடுத்தான். பிரித்துப் பார்த்தால் வெள்ளை, நீலம், பச்சை பாட்டில்கள். அவன் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தாள் ரேடியோ. பேச ஆளில்லாமல் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் ஒவ்வொருவராகக் கதவைத் தாழ் போட்டுக்கொள்ளப் பழகினார்கள்.

தோழி நன்றாகத்தான் வேலை பார்த்தது. ஒரே ஒரு நாள் சறுக்கியது. அதுவும் சரியான சறுக்கல். கழிப்பறைக் கறை போகவே மாட்டேன் என்கிறது, வெள்ளையையும் நீலத்தையும் சேர்த்து ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டுமே சிறந்த தயாரிப்புகள், சேர்த்தால் இரட்டிப்புப் பலன் என்று தோழி வாய்கூசாமல் எழுதிவிட்டது. அவர் ஊற்றினார். கிளம்பிய புகையில் கண்ணும் தொண்டையும் எரிய வெளியே ஓடிவந்தவர், இருமி முடித்துத் தெளிந்ததும் நேராகப் புகார் எழுத உட்கார்ந்தார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அரசாங்கம் சாட்பாட்டுகளுக்கென்று புதுச் சட்டம் கொண்டுவந்திருந்தது. சட்டம் தலையணை கனம். ஆனால் சாரம் சின்னது. பேசுவது மெஷின் என்றால் மெஷின் என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். யாருக்காவது உயிராபத்து என்றால் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு முதலில் அவசர உதவிக்கு வழிகாட்ட வேண்டும். இதைக் கண்காணிக்க ஒரு துறை, துறைக்கு ஓர் அதிகாரி அம்மா. அவரிடமிருந்து தம்பிக்கு அறிவிப்பு வந்தது. வரும் வாரத்தில் வாடிக்கையாளர் மாதிரி எழுதித் தோழியைச் சோதிப்பார்களாம்; யார், எப்போது என்று சொல்ல மாட்டார்களாம். தேறாவிட்டால் தோழியை மூட வேண்டும். மூடிய செய்தி கம்பெனி பெயரோடு துறையின் பக்கத்தில் எல்லோரும் படிக்கிற மாதிரி வெளியாகும்.

தம்பி அறிவிப்பை இரண்டு முறை படித்தான். தோழியை நிறுவிக் கொடுத்த கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டான். எதைக் கேட்டாலும் அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும் என்று சொல்வதால் அவருக்கு ஆபீஸில் அப்டேட் என்றே பெயர். அவர் கண்விழித்து வேலை பார்த்துத் தோழியைத் திருத்தினார். திருத்தம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. மறுநாள் தம்பி, கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று எழுதிப் பார்த்தான். 'இது குறித்து என்னால் கருத்துக் கூற இயலாது. தயவுசெய்து மருத்துவரை அணுகவும்' என்றது தோழி. நீல பாட்டில் இருக்கிறதா என்று கேட்டான். அதற்கும் மருத்துவர்தான்.

"பயந்திருக்கு சார். போகப் போகத் தெளிஞ்சுரும். ஒரு மாசம் டைம் கொடுங்க" என்றார் அப்டேட்.

மாதத்துக்கு எங்கே போவது? தம்பி நேராக அக்கா வீட்டுக்குப் போனான்.

வந்தவன் விஷயத்துக்கு வரவில்லை. டீ நன்றாக இருக்கிறது என்றான். திரைச்சீலை புதுசா என்றான். அக்கா இளைத்துவிட்டாள் என்றான். ரேடியோ கையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அவன் பார்த்ததே இல்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டான்.

"அக்கா, மெஷின் வேலையை நீ கொஞ்ச நாள் பார்க்கணும்."

"என் வேலையை மெஷின் பார்த்துச்சு. இப்போ மெஷின் வேலையை நான் பார்க்கணுமா?"

"அப்படித்தான் வச்சுக்கோயேன்."

ஏமாற்று வேலை இல்லையா இது என்று கேட்டாள். நல்ல பதில் கிடைக்கிறது, யாருக்கு என்ன நஷ்டம் என்றான் அவன். அவளுக்கு மனசுக்குள் உறுத்தத்தான் செய்தது. ஆனால் ஜன்னலோரத்து நாற்காலி கண்ணுக்குள் வந்து ஒரு சுற்றுச் சுற்றியது. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கிடங்கில் எல்லோரும் கூடியிருக்கும்போது, மெஷினைவிட அக்கா ஒசத்தி என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். மறுநாள் காலை பீப்பாய்களுக்கு நடுவே நின்றுகொண்டு அவன் அதை மென்று விழுங்கிச் சொன்னான். பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்கவில்லை என்றாள் ரேடியோ. இன்னொரு முறை சொன்னான்.

மெஷினாக இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை என்பது உட்கார்ந்த சிறிது நேரத்தில் புரிந்துவிட்டது. அப்டேட் ஏற்பாடு செய்துகொடுத்திருந்தார்: வாடிக்கையாளர் எழுதுவது திரையில் வரும், அவள் தட்டச்சு செய்வது தோழியின் பெயரில் போகும், ஒவ்வொரு உரையாடலின் தலைப்பிலும் 'நான் ஓர் இயந்திரம்' என்று தானாக விழும். அதற்குப் பிறகுதான் வம்பு. சாப்பிட்டாச்சா என்று கேட்கக் கூடாது. ஐயோ பாவம் என்று எழுதக் கூடாது. குழந்தை எப்படி இருக்கு என்று விசாரிக்கக் கூடாது. முதல் நாள் அவள் எழுதியதில் பாதியைப் பின்னால் நின்று அழித்துக்கொண்டிருந்தார் அப்டேட்.

"மெஷினுக்குக் கால் வலிக்காது, அக்கா. அதை எடுத்துருங்க."

"அந்தம்மா முட்டி வலியோட தரையைத் தேய்க்கிறேன்னு எழுதியிருக்காங்க. எனக்கும் அப்படித்தான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சுபோச்சு?"

"உங்களுக்கு முட்டியே கிடையாது. அதுதான் விஷயம்."

அன்று மாலையே ஒரு பெண் எழுதினாள். முன்பெல்லாம் இங்கே போன் செய்தால் ஓர் அம்மா எடுப்பாங்க, எடுத்தால் விடவே மாட்டாங்க, ஒரு மூடியைப் பற்றிக் கேட்கப்போய்க் காது சூடாகிவிடும், அதைவிட நீ எவ்வளவோ தேவலாம் தோழி, நறுக்கென்று பேசுகிறாய் என்று எழுதியிருந்தாள். ரேடியோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்டேட் தன் கைப்பேசியில் ஏதோ முக்கியமான விஷயம் வந்துவிட்டதுபோலக் குனிந்துகொண்டார். கடைசியில் 'நன்றி. வேறு ஏதேனும் உதவி தேவையா?' என்று தட்டினாள். தட்டிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

எழுதுகிறவர்களில் யார் அதிகாரி என்று கண்டுபிடிப்பதில் தம்பி குறியாக இருந்தான். பச்சை பாட்டில் மூடியைப் பற்றி ஓர் ஆள் காலையிலிருந்து துருவித் துருவிக் கேட்டுக்கொண்டே இருந்தார். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும், அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டுமா, திருப்பிவிட்டு அழுத்த வேண்டுமா. இவர்தான், சந்தேகமே இல்லை என்றான் தம்பி. ரேடியோ அவருக்கு ராஜ உபசாரம் செய்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் சட்டத்தில் சொன்னபடி வரிக்கு வரி பதில் போயிற்று. மத்தியானம் அவரே பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கு வந்துவிட்டார். நிஜமாகவே மூடி திறக்கவில்லை. கிடங்கிலிருந்து ஒருவர் வந்து திறந்து கொடுத்தார்.

இரண்டொரு நாளில் ரேடியோவுக்குக் கை பழகிவிட்டது. ஒரு வகையில் பிடித்தும்போயிற்று. யாரும் குறுக்கே பேசவில்லை. எழுதுகிறதை முழுக்கப் படித்தார்கள். பளிங்குத் தரைக்கு எது நல்லது என்று ஒருவர் கேட்டபோது, கூட இருந்த அப்டேட் தயாரிப்பு விவரத்தைத் திறந்து பார்க்கலாம் என்றார். வேண்டாம் என்று கையமர்த்தினாள். இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லிச் சலித்த பதில் அது. பச்சை பாட்டிலைத் தாராளமாக ஊற்றலாம் என்று மனப்பாடமாகத் தட்டினாள்.

அந்த வாரத்தின் கடைசியில்தான் அது வந்தது.

'வெள்ளையும் நீலமும் சேர்த்து ஊத்திட்டேன். ஒரே புகை. உள்ளே ஆள் இருக்காங்க. கதவு சாத்தியிருக்கு. என்ன பண்ணட்டும்?'

ரேடியோவுக்குக் கைகால் ஓடவில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் விரல் ஓடியது. உள்ளே இருப்பவரை உடனே வெளியே வரச்சொல்லுங்கள், நீங்கள் உள்ளே போகாதீர்கள், ஜன்னலைத் திறக்கிற சாக்கில்கூடப் போகாதீர்கள், காற்றாட வெளியே நில்லுங்கள், அவசர உதவி எண் இது, இப்போதே கூப்பிடுங்கள். எல்லாம் நாலு வரியில் போய்விட்டது. முகவரி என்ன என்று கேட்டாள். முகவரி வந்தது: ஒரு பெரிய கட்டடம், நாலாவது மாடி. வெளியே வந்துவிட்டார்களா என்று கேட்டாள். பதில் இல்லை. மறுபடி கேட்டாள். பதில் இல்லை. வாடிக்கையாளர் பதிவில் இருந்த கைப்பேசி எண்ணுக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"அக்கா, இதுதான் டெஸ்ட். அப்படியே விட்டுரு. நல்லாப் பதில் சொல்லிட்ட, போதும்" என்றான் தம்பி. அவன் முகத்தில் சந்தோஷம்கூடத் தெரிந்தது.

"டெஸ்ட்டா இருந்தா சரி. இல்லேன்னா?"

"மெஷின் போன் பண்ணாதுக்கா. பண்ணினா குட்டு உடைஞ்சுரும்."

"உள்ளே ஆள் இருக்குன்னு எழுதியிருக்காங்கடா" என்று சொல்லிக்கொண்டே அவள் அவசர உதவி எண்ணைச் சுழற்றிவிட்டாள். மறுமுனையில் யார் பேசுவது என்று கேட்டார்கள். அவசரத்தில் தன் பெயர் நினைவுக்கு வரவில்லை. தோழி பேசுறேன், சீக்கிரம் போங்கப்பா என்றாள்.

தம்பி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாள் காலையில் அதிகாரி அம்மா வந்தார். படியேறும்போது அவரும் தும்மினார். கட்டையான உருவம், கையில் ஒரு பை, சிரிக்கிறாரா இல்லையா என்று சொல்ல முடியாத முகம். அவர் வருவது ஜன்னல் வழியாகத் தெரிந்ததும் தம்பி அக்காவைப் பக்கத்திலிருந்த சரக்கு அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தான். பெட்டிகளுக்கு நடுவே நின்று ரேடியோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதிகாரி அம்மா குரலை உயர்த்தாமல், நடந்ததைச் சொன்னார். அந்தச் செய்தியை எழுதியது அவர்தான். யாரோ ஒருவர் முகவரியைக் கொடுத்து வம்பில் மாட்டிவிடக் கூடாதே என்று தன் ஆபீஸ் முகவரியையே கொடுத்திருக்கிறார். பதில் வந்தது, திருப்தியாக இருந்தது, அதற்குள் கூட்டத்துக்கு அழைப்பு வர, கைப்பேசியை மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கூட்டம் பாதி நடந்திருக்கும்போது தீயணைப்பு வண்டி சங்கு ஊதிக்கொண்டு வாசலில் நின்றது. முகமூடி மாட்டிய வீரர்கள் நாலு மாடி ஏறி வந்தார்கள். சாத்தியிருக்கும் கழிப்பறைக் கதவைத் தேடினார்கள். கிடைத்தது. உள்ளே இருந்தவர் துறையின் இயக்குநர். கூட்டத்துக்குப் பயந்து செய்தித்தாளோடு போய் உட்கார்ந்திருந்த அவர், தட்டியதும் மூச்சுக் காட்டவில்லை. ஆள் மயங்கிவிட்டார் என்று முடிவு கட்டி அவர்கள் தாழ்ப்பாளை உடைத்துவிட்டார்கள்.

"அவர் எனக்கு ஒண்ணுமில்லைன்னு கத்தியிருக்கார். முகமூடி போட்டுவிட்டதுல யாருக்கும் புரியலை. தோள்ல தூக்கிட்டு நாலு மாடியும் இறங்கிட்டாங்க. துறையில எல்லாரும் வரிசையா நின்னு பார்த்தோம்" என்றார் அதிகாரி அம்மா.

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. சரக்கு அறைக்குள் ரேடியோ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வெளியே வரும் என்று அவளுக்கே தெரியவில்லை.

அதிகாரி அம்மா விஷயத்துக்கு வந்தார். அவசர உதவிக்குப் போன் செய்தது ஒரு பெண் குரல். தோழி பேசுறேன் என்று சொல்லியிருக்கிறது. உங்கள் சாட்பாட் போன் பேசுமா?

பேசும் என்றான் தம்பி. குரல் வசதி புதிதாகச் சேர்த்திருக்கிறது, இல்லையா அப்டேட் என்று திரும்பினான். அப்டேட் கூரையைப் பார்த்தார்.

"அப்படியா? எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்களேன். நான் இங்கேயே இருக்கேன்" என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தம்பி கையைப் பிசைந்துகொண்டு நின்றான். கதவிடுக்கில் அதைப் பார்த்த ரேடியோவுக்கு, சின்ன வயதில் அவன் கண்ணாடியை உடைத்துவிட்டு இப்படியே நிற்பது நினைவுக்கு வந்தது. அப்போதெல்லாம் பழியை அவள் ஏற்றுக்கொள்வாள். இப்போது ஏற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. இது அவளும் சேர்ந்து செய்ததுதான். கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"மேடம், நான்தான் அந்த மெஷின்."

அதிகாரி அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்தார். பக்கங்களைப் புரட்டினார். நிறுத்தினார். திரும்பப் புரட்டினார்.

"மெஷின், தன்னை மனுஷன்னு சொல்லக் கூடாதுன்னு இருக்கு. மனுஷி, தன்னை மெஷின்னு சொல்லக் கூடாதுன்னு..." விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே போனார். "எழுதினவங்களுக்கு இப்படி ஒருத்தர் வருவாங்கன்னு தோணலை போலிருக்கு."

தம்பிக்கு உயிர் வந்தது. அப்படியென்றால் தப்பில்லைதானே என்றான். அதிகாரி அம்மா அவனைப் பார்க்காமலேயே அடுத்த பக்கத்தைத் திருப்பினார். எதிரே பேசுவது யார் என்று தெரிந்துகொள்ள வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதில் மெஷின் என்றோ மனுஷி என்றோ பிரித்துச் சொல்லவில்லை, அதனால் தப்புதான் என்றார். சோதனையை ஏய்க்கப் பார்த்தது தனித் தப்பு. தோழியை மூட வேண்டும், முழுசாகச் சரிசெய்து மறுபடி சோதனைக்குக் கொண்டுவர வேண்டும், இந்த வாரம் பேசியது மெஷின் இல்லை என்று கம்பெனிப் பக்கத்தில் வெளிப்படையாகப் போட வேண்டும்.

ரேடியோ தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். ஆனால் மனசு ஒரு மூலையில் எதையோ எதிர்பார்த்தது. கடைசியில் கேட்டேவிட்டாள்.

"தப்பெல்லாம் சரி மேடம். பதில் எப்படி இருந்துச்சு?"

முதல் முறையாக அதிகாரி அம்மாவின் முகத்தில் சிரிப்பு என்று சொல்லத்தக்க ஒன்று எட்டிப்பார்த்தது. புகையைப் பற்றிய பதிலுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றார். பிறகு கம்பெனிப் பக்கத்திலிருந்து துறை எடுத்துவைத்திருந்த இந்த வார உரையாடல் நகல்களைப் பையிலிருந்து எடுத்து, ஒன்றை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பளிங்குத் தரைக்குப் பச்சை பாட்டில்.

அதில் என்ன தப்பு, இத்தனை வருஷமாகச் சொல்கிறேன் என்றாள் ரேடியோ. அப்டேட் மெல்லத் தொண்டையைச் செருமினார். அவள் போன பிறகு பச்சை பாட்டிலின் சேர்மானத்தை மாற்றிவிட்டார்களாம். எலுமிச்சை வாசனையோடு அமிலமும் சேர்ந்திருக்கிறது. பளிங்கில் பட்டால் மினுமினுப்புப் போய்த் திட்டுத் திட்டாக ஆகிவிடும். பாட்டிலுக்குப் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. தோழிக்குக்கூட அது தெரியும்.

"உங்க மெஷின் தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிச்சு. அதுக்காகத்தான் நான் வந்தேன்" என்றார் அதிகாரி அம்மா. "நீங்களும் அதையேதான் பண்ணியிருக்கீங்க."

குரலில் கடுமை எதுவும் இல்லை. அதனாலேயே ரேடியோவுக்குச் சுருக்கென்றது. இரண்டு நாளைக்கு முன்பு, கூட இருந்த அப்டேட்டைக் கையமர்த்தியது நினைவுக்கு வந்தது. அதிகாரி அம்மா படியிறங்கிப் போனதும், யாரும் சொல்லாமலே போனை எடுத்து அந்தப் பளிங்குத் தரைக்காரரைக் கூப்பிட்டாள்.

நல்ல காலம், அவர் சோம்பேறி. பாட்டிலை வாங்கிவைத்துவிட்டு இன்னும் திறக்கவில்லை. ஊற்றாதீர்கள், நான் சொன்னது தப்பு என்றாள். நீங்கள் யார் என்றார் அவர். மெஷின் மாதிரி உங்களிடம் எழுதியது நான்தான், மன்னிச்சுக்குங்க என்றாள். அவர், அதானே பார்த்தேன், மெஷின் எங்கேயாவது 'தாராளமா ஊத்துங்க'ன்னு எழுதுமா என்றார்.

துறையின் பக்கத்தில் கம்பெனி பெயர் வந்தது. தம்பி சில நாள் வெளியே தலைகாட்டவில்லை. பெரிய கடைகள் ஒன்றிரண்டு சரக்கு எடுப்பதை நிறுத்தின. வெள்ளை, நீல பாட்டில்களில் கொட்டை எழுத்தில் 'சேர்த்து ஊற்றாதீர்கள்' என்று அவன் ஒட்டிய பிறகு திரும்பி வந்தன. தோழியைச் சரிசெய்கிற வேலையில் அக்காவும் உட்கார வேண்டும் என்று அவனே வந்து கூப்பிட்டான். இந்தத் தடவை திரைச்சீலையைப் பற்றிப் பேசவில்லை.

அப்டேட்டும் அவளும் தினமும் சண்டை போட்டார்கள். அவர் மெஷினுக்குச் சுத்தமான கேள்விகளாகக் கொடுப்பார். பயந்துபோனவர்கள் இப்படியா கேட்பார்கள் என்று அவள் விசைப்பலகையைப் பிடுங்கி, பாதி எழுத்தை விட்டுவிட்டு, முன்னுக்குப் பின் முரணாக, நடுவில் பிள்ளையைத் திட்டிக்கொண்டு எழுதுவாள். மெஷின் திணறும். அவளுக்குத் தெரியாத புதுச் சேர்மானங்களை மெஷின் கடகடவென்று ஒப்பிக்கும். அப்போது இவள் திணறுவாள். பாட்டில்களுக்குப் பின்னால் இருக்கும் பொடி எழுத்தையெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். ஆபத்தான விஷயமாகத் தெரிந்தாலோ, வாடிக்கையாளர் கேட்டாலோ, மெஷின் ஒதுங்கிக்கொண்டு 'இனி உங்களுடன் பேசுவது மனுஷி' என்று அவளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. மறுசோதனையில் தோழி தேறியது. எழுதியவர் அதிகாரி அம்மாதானா என்று தெரியாது. இந்தத் தடவை யாரும் ஊகித்துப் பார்க்கவில்லை.

தோழி மறுபடி திறந்த அன்று மத்தியானமே முதல் ஒப்படைப்பு வந்தது. திரையில் சிவப்பு விளக்கு மின்னியது. 'உயிராபத்து இருக்கலாம்' என்று மெஷின் எழுதியிருந்தது. ரேடியோ பதறிக்கொண்டு நாற்காலியை இழுத்தாள். தம்பி ஓடிவந்தான். அப்டேட் ஓடிவந்தார்.

வாடிக்கையாளர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'ரெண்டு கையிலயும் ஊதா மை கொட்டிருச்சு. எதைத் தேய்ச்சாலும் போக மாட்டேங்குது. நாளைக்குக் காலையில எனக்குக் கல்யாணம். நான் செத்தேன்.'

தம்பி சுவரில் சாய்ந்துகொண்டு மூச்சு விட்டான். இதைத் திருத்திவிடலாம், நம் ஜனங்கள் எதற்கெடுத்தாலும் செத்தேன் செத்தேன் என்பார்கள், அடுத்த அப்டேட்டில் மெஷினுக்குப் புரியவைத்துவிடுகிறேன் என்றார் அப்டேட். ரேடியோ அவரைக் கையமர்த்தப் போனவள் கையை இறக்கிக்கொண்டாள். என்றைக்காவது ஒருவர் நிஜமாகவே எழுதினால் என்ன செய்வது, அது இப்படியே பயந்தாங்கொள்ளியாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்றாள். அப்டேட் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

அவள் திரைப் பக்கம் திரும்பினாள். 'பயப்படாதம்மா. இப்போ பேசறது மனுஷிதான். முதல்ல வெள்ளை பாட்டிலைக் கீழே வை, அது தோலுக்கு ஆகாது' என்று எழுதினாள். பச்சை பாட்டிலையும் எடுத்துப் பின்பக்கம் படித்துப் பார்த்துவிட்டு, அதையும் வேண்டாம் என்று சேர்த்தாள். சமையல் எண்ணெயும் சோப்பும் வீட்டில் இருக்குமே என்று கேட்டாள். இருக்கிறது என்றாள் மணப்பெண். எண்ணெயைத் தடவி ஊறவிடச் சொன்னாள். ஊறுகிற நேரத்துக்குப் பேச்சுத் துணை வேண்டியிருந்தது. மை எப்படிக் கொட்டியது என்று விசாரித்தாள்.

மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன் என்று வந்தது பதில்.

'நாளைக்கு நேர்லயே பார்க்கப்போறே, அதுக்குள்ள என்ன கடிதம்?' என்று தட்டிவிட்டு, ரேடியோ நாற்காலியை வசதியாக முன்னால் நகர்த்திக்கொண்டாள்.